ஏதென்ஸ் வழியாக மதகுக்கு

விதிகளை முழுதாகத் தெரிந்தவனிடம் கூட்டம் நடத்தும் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. கூட்டம் ஒழுங்காக நடக்கும், வேலைதான் நடக்காது. ஒன்றிய அலுவலகத்தில் பஞ்சாயத்துகளைக் கவனித்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருவையாறு பக்கம் ஒரு கிராம சபை. தலைவி ஆரோக்கியமேரி புதிதாக ஜெயித்தவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. (ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கே, மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள்.) கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் விடும் மதகு உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்வேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தார். அன்று மாலைக்குள் தீர்மானம் அலுவலகம் வராவிட்டால் அந்த வருஷம் மதகு கிடையாது.

பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் அநேகமாக நடவுப் பெண்கள். பறித்த நாற்று வாடிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தலைவி காதோடு சொன்னார். ஆனால் முதலில் ஜனநாயகத்தை விளக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. நான் எதையும் வேரிலிருந்து விளக்குபவன். நேராக ஏதென்ஸ் போனேன்.

கிரேக்கத்தில் ‘டெமோஸ்’ என்றால் மக்கள், ‘க்ரடோஸ்’ என்றால் ஆளும் வலிமை. இரண்டும் சேர்ந்ததுதான் டெமாக்ரசி. அங்கே குன்றின் மேல் கூடிக் கை தூக்கி முடிவெடுத்தார்கள் என்றேன். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த உரிமை இல்லை என்பதையும், நேர்மை கருதி, சேர்த்துக்கொண்டேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த செல்லம்மா கேட்டார்: “ஆம்பளைங்க பூரா குன்னு மேல பேசிக்கிட்டு இருந்தா, வயல்ல வேலை பாத்தது யாருங்க சார்?”

சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி இரண்டு சொற்களையும் பெரிதாக எழுதினேன். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தால், க்ரடோஸ் மட்டும் கையில் சாக்பீஸோடு நின்றது. டெமோஸ் எழுந்து நடவுக்குப் போய்விட்டது.

கோரம் இல்லை, அதாவது விதிப்படி இருக்கவேண்டிய ஆட்கள் இல்லை, கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்று தலைவியிடம் சொன்னேன்.

“ஒத்திவச்சா மதகு?”

“அடுத்த வருஷம் பார்க்கலாம்மா.”

“கூட்டம் கூரைக்கு அடியிலதான் நடக்கணும்னு ரூல் இருக்குங்களா சார்?”

இல்லை. (இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.)

“அப்ப வாங்க, வயலுக்குப் போவோம்.”

வரப்பில் நின்று தீர்மானத்தை வாசித்தேன். “ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்” என்று கம்பீரமாக ஒரு அடி எடுத்து வைத்தேன். அங்கே வரப்பு இல்லை. சேற்றில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தால், நாற்றுமுடியோடு அத்தனை கைகளும் மேலே இருந்தன.

“சாரைத் தூக்கி விடுங்கடி,” என்றார் செல்லம்மா. “இருங்க, மொதல்ல கையை எண்ணி முடிக்கட்டும்.”

எண்ணி முடித்தேன். தீர்மானம் கொஞ்சம் சேற்றோடு மாலைக்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்தது. மதகும் வந்தது, கடைமடைக்குத் தண்ணீரும் வந்தது.

இப்போது சிங்கப்பூரிலிருந்து மகள் போனில் பேசும்போது நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், என் மனைவி போனை வாங்கி, “அப்பா ஏதென்ஸ்ல இருக்காரு,” என்பாள். “மதகுக்கு வரச் சொல்லும்மா,” என்று பதில் வரும். வீட்டில் எதற்கும் ஓட்டெடுப்புதான். பேத்திக்கும் ஓட்டு உண்டு. நான் எப்போதும் தோற்கிறேன். விதிப்படி நடப்பதால் ஆட்சேபிக்க வழியில்லை.