பொருள்: தெருவிளக்கு தொடர்பாக

முத்து நகர் குடியிருப்போர் சங்கத்தின் ஜனவரி மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நால்வர். செயலாளர் கேசவன், கை வைத்த ஒரே நாற்காலியில். மேல்மாடி கல்யாணி, மாடிப்படியின் கடைசிப் படியில், மடியில் முருங்கைக்கீரையோடு. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹேமந்த், தன் பைக்கின் மேல், ஒரு காதில் மட்டும் இயர்போனோடு. குற்றவாளி பரணிதரன், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவர் வீட்டு நாற்காலி மொட்டை மாடியில், டெலஸ்கோப்புக்கு அருகில் இருந்தது.

"மேல இன்னா கட்டிக்கீறீங்க? மழை பேஞ்சா என் வூட்டு சீலிங் ஒழுவுது" என்றார் கல்யாணி.

"சின்ன சிமென்ட் மேடைங்க. டெலஸ்கோப் ஆடாம நிக்கணும்."

"அது ஆடாம நிக்கறதுக்கு என் வூடு ஒழுவணுமா?"

நியாயமான கேள்வி. பரணிதரனிடம் இருந்த பதில் கொஞ்சம் நீளமானது. முதலில் வாங்கிய முக்காலி கடற்காற்றில் ஆடியது. அதை மாற்றிக் கனமான இரும்புத் தாங்கி வாங்கினார். யாராவது மாடியில் நடந்தால் அது அதிர்ந்தது. அதிர்வுக்கு மேடை கட்டினார். மேடைக்கு அடித்த போல்ட்டால் தளத்தில் விரிசல் விட்டது. நான்கு வருடத்தில் டெலஸ்கோப் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. படம் என்று ஒன்றுகூட வரவில்லை.

கேசவன் தொண்டையைச் செருமினார். "பரணி சார், நாலு வருஷமா மாடிச் சாவி உங்ககிட்டதான் இருக்கு. லேடீஸ் துணி காயப்போடக் கொடி கட்டணும்கறாங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள ஒரே ஒரு போட்டோ காட்டுங்க. நாங்க பேசாம போயிடறோம். இல்லன்னா சாவியைக் குடுத்துடுங்க."

"காட்டறேன்" என்றார் பரணிதரன். ஓரியன் நெபுலா என்ற வான்மேகத்தைப் படம் எடுத்துவிட வேண்டும். வானத்தில் அதைவிடச் சுலபமான படம் கிடையாது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. எந்தப் புத்தகமும் பதினான்காம் எண் கம்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அந்தக் கம்பத்து விளக்கு மாடியின் கிழக்கு மூலையை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. பரணிதரன் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலைய அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கோப்பு பார்ப்பவர். ஊராட்சிக்குக் கடிதம் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். 'தெருவிளக்கு தொடர்பாக' என்று பொருள் எழுதிக் கோடு போட்டார். அதன் கீழே, வெளிச்சத்தைக் குறைத்தால் வானியலுக்கு என்ன நன்மை என்று இரண்டு பக்கம்.

மூன்றாம் நாள் ஏணி வந்தது. மஞ்சள் விளக்கை இறக்கிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டினார்கள். மாடியில் செய்தித்தாள் படிக்கலாம் போலிருந்தது.

"நான் குறைக்கச் சொல்லித்தாங்க எழுதினேன்" என்று ஏணிக்குக் கீழே நின்று கத்தினார் பரணிதரன்.

"ஆபீஸ்ல பொருள்தான் சார் படிப்பாங்க. தெருவிளக்குன்னு போட்டுக்கீறீங்க. லைட்டு ஓணும்னுதானே எல்லாரும் எழுதுவாங்க? ஓணாம்னு எவன் எழுதுவான்?" என்றார் ஏணி மேல் நின்றவர்.

"கீழ ரெண்டு பக்கம் விளக்கியிருக்கேனே!"

"ரெண்டு பக்கம் எழுதிக்கீறாரே, பாவம்னுதான் சார் மூணே நாள்ல வந்தோம்."

ஹேமந்த் ஆறுதல் சொன்னான். "ஃபில்டர் போடுங்க அங்கிள். லைட்டை மட்டும் வடிகட்டிடும்."

ஃபில்டர் வந்தது. அது விளக்கை வடிகட்டியது, நட்சத்திரத்தையும் வடிகட்டியது. அப்படியானால் ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் காமிராவைத் திறந்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வானம் நகர்ந்துவிடும். ஆகவே வானத்தோடு கூடவே திரும்பும் மோட்டார் வாங்கினார். துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்து வைத்தால்தான் அந்த மோட்டார் ஒழுங்காகத் திரும்பும். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் வடக்கே தென்னங்கீற்று உயரத்துக்கு மேல் ஏறாது. இருந்தாலும் தெரிந்தது. நினைவூட்டல் கடிதம் போய்ச் சேரும்வரை தெரிந்தது.

'பார்வை: எனது முந்தைய கடிதம். பொருள்: தெருவிளக்கு – நினைவூட்டல்.'

நினைவூட்டல் என்றால் கொடுத்தது போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது விளக்கை வடக்குக் கம்பத்தில், சரியாகத் துருவ நட்சத்திரத்தின் மேல் மாட்டினார்கள்.

"உங்க புண்ணியத்துல இப்போ தெருவுல தைரியமா நடக்க முடியுது அண்ணாத்த" என்றார் கல்யாணி. அவர் பரணிதரனிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது கடிதத்தின் அடியில், 'நகல்: ஒன்றிய ஆணையருக்கு' என்று சேர்த்தார். ஊராட்சி நடுங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஏணி. மூன்றாவது விளக்கு எதிர்க்கம்பத்தில் ஏறியது. புகார்தாரர் திருப்தியாக வேண்டும் என்பதற்காக, விளக்கின் முகத்தை மொட்டை மாடியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

"இனிமே லெட்டர் எழுதாதீங்க" என்றாள் மனைவி ஸ்ரீதேவி, காபியை வைத்துவிட்டு. "நீங்க சும்மா இருந்திருந்தாலே இருட்டாத்தான் இருந்திருக்கும்."

பிப்ரவரிக் கூட்டத்தில் எல்லாரும் அதே இடங்களில் இருந்தார்கள். பரணிதரன் படத்தை நீட்டினார். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு தீற்றல். நடுவில் ஒரு நெளிகோடு.

கல்யாணி கையில் வாங்கி, தள்ளிவைத்துப் பார்த்தார். "இது இன்னா, என் வூட்டு சீலிங்கா?"

ஹேமந்த் இரண்டாவது இயர்போனையும் மாட்டிக்கொண்டான்.

பரணிதரன் சாவியைக் கேசவனிடம் கொடுத்தார். வாக்குவாதம் செய்யவில்லை. செய்தால் அதையும் யாராவது நிறைவேற்றி வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது.

"மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார் கேசவன். "ஒரு சின்ன உதவி. ஊராட்சிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதணும். நாங்க ஆறு வருஷம் நேர்ல போய்க் கேட்டு ஒண்ணும் நடக்கல. உங்க எழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. அப்படியே கார் நிறுத்துற இடத்துக்கும் ஒரு லைட்டு கேட்டுடுங்க."

பரணிதரன் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். இந்தத் தடவை ஒரே பக்கம். நான்கு மூலையும் படிய மடித்து, உறையில் போட்டு, பசை தடவி, விளிம்பை நகத்தால் இரண்டு முறை நீவினார். திங்கள்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுத் தபால் ஆபீசுக்கு நடந்தார்.

கவுன்டரில் ஜாக்குலின் இருந்தாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் அந்தோணியார் தெருவிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவள்.

"ஸ்பீடு போஸ்ட்" என்றார் பரணிதரன். "ஊராட்சிக்கு."

"பக்கத்துலதானே கீது, கையிலயே குடுக்கலாமே சார்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

ஜாக்குலின் எடை போட்டாள். சீட்டு ஒட்டினாள். முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டாள். ரசீது கொடுக்கும்போதுதான் அதில் அச்சாகியிருந்த அனுப்புநர் பெயரையும் முகவரியையும் கவனித்துப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்தாள்.

"எங்க தெருவுக்குன்னு வந்து எறங்கின மூணு லைட்டையும் ஒருத்தர் லெட்டர் போட்டே வாங்கிகினாருன்னு ஊராட்சில சொன்னாங்களே, அது நீங்கதானா? ஒரு தபா எங்க தெருவுக்கு வந்து பாருங்க சார், நட்சத்திரத்தத் தவிர வேற வெளிச்சமே கெடையாது."