உப்பிய டின்னுக்கு ஒரு முத்திரை

அரசாங்க உத்தியோகம் கிடைத்த புதிதில் எல்லோருக்குமே உயரம் அரையடி கூடிவிடும். கள்ளக்குறிச்சிக்கு உணவு ஆய்வாளராகப் போன எனக்கு ஓரடி கூடியிருந்தது. (பையில் பித்தளை முத்திரை வேறு.)

இட ஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலைக் கூலியாட்கள் முகாமுக்குப் போகவேண்டிய மீன் டின்கள், காதர் பாய் கடையின் தகரக் கொட்டகையில் நாள்கணக்கில் வெந்து உப்பிப்போய்க் கிடந்தன. அதுதான் என் முதல் வழக்கு. சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது.

கைப்பற்றுவதற்குச் சாட்சி வேண்டும். கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது. நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துப் பாய்க்கே பாவமாகிவிட்டது.

"இன்னா சார், ஆள்தான வேணும்? குந்துங்க, இட்டுகினு வரேன்."

தன்மேல் போடும் வழக்குக்குத் தானே போய்ப் பக்கத்துத் தையல்காரரைக் கூட்டிவந்தார். அப்படியொரு மனிதரை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

அரக்கை உருக்கி, ஒரு டின்னின் உப்பிய மண்டையில் ஊற்றினேன்.

"மெதுவா சார்," என்றார் பாய்.

(அரசாங்கத்துக்கே யோசனை சொல்கிறாராம்.) முத்திரையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன்.

டின் வெடித்தது. தலை, மீசை, சட்டை எங்கும் அழுகிய மீன். சாட்சி ஓடியே போய்விட்டார்.

உள்ளேயிருந்து பாயின் மனைவி குரல் வந்தது. "கேஸு எங்க போவுது? மொதல்ல சார குளிக்கச் சொல்லுங்க."

அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் சீயக்காய் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது, டின்களை அப்படியே விட்டுவந்திருக்கிறேன். பாயின் பச்சை லுங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மிச்ச டின்கள் சாக்கில் பத்திரமாகக் கட்டிக் கிடந்தன. பக்கத்தில் பாய் காவலுக்கு உட்கார்ந்திருந்தார், ஓடிய சாட்சியின் கையைப் பிடித்தபடி.

"ஒளிச்சு வெச்சிருக்கலாமே பாய்?"

"எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது, ரோடே இல்லீங்களே," என்று சிரித்தார். பிறகு, "இத்தத் தின்னுட்டு எவனுக்காச்சும் எதுனா ஆச்சுன்னா இன்னா பண்றது சார்? எடுத்துக்கினு போங்க. உங்க வேலையும் நெலைக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரக்குப் புகை என்று சமாளித்தேன்.

பாய்க்கு அபராதத்தோடு போயிற்று. என் வேலையும் நிலைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் குடும்பத்தோடு அவர் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எனக்கு அக்காவாகிவிட்ட பாயின் மனைவி உள்ளேயிருந்து பாயிடம் சொல்வார்: "சார் குளிச்சிட்டாரான்னு கேளுங்க." என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பாய் இல்லாத முதல் பெருநாளன்று வாசலில் தயங்கி நின்றேன்.  உள்ளேயிருந்து அக்கா முதல்முறையாக நேரே என்னிடமே கேட்டார்.

"குளிச்சிட்டீங்களா சார்?"

"குளிச்சிட்டேன்க்கா," என்றேன்.