கங்கையாவுக்கு வார்த்த பலகை

"பத்து ரூபாயா?" செல்லியம்மா முகம் சுளித்தாள். "எங்க ஊட்டுக்காரரு அவ்ளோ மலிவாப் பூட்டாரா?"

நாராயணவனத்தில் சாமி விக்கிரகம் வார்த்துப் பிழைக்கும் முனிரத்தினம் ஆசாரி, கூலியைக் கூட்டச் சொல்லிச் சண்டைக்கு வந்த ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"ஒலோகத்த நீயே கொண்டாந்துட்டே. எங்க கூலி எடைக்குத்தாம்மா. சின்னப் பலகை. வேற இன்னாத்துக்கு வாங்குவேன்?"

"அப்போ பெரிசாப் போடு. தடியாப் போடு. தமிழ்ல ஒரு தபா எழுது, கீழ தெலுங்குல ஒரு தபா எழுது. தகரத்துல எழுதி மாட்டினாப்புல இருக்கக் கூடாது."

ஆசாரியின் மனைவி தாட்சாயணி உள்ளேயிருந்து சிரித்தாள். "குடுக்கறவங்க குடுக்கறாங்க. வாங்கிக்கறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?"

எல்லை பிரித்த சமயம் அது. சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்களெல்லாம் சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திராவுக்குப் போகின்றன என்று முடிவாகிவிட்டது. ஊரில் உள்ள கிணறு, குட்டையெல்லாம் யாருடையது என்று எழுதிக்கொள்ள திங்கட்கிழமை சர்வேயர் வருவதாகத் தண்டோரா போட்டிருந்தார்கள். அன்றைக்கு எழுதுகிற பேர்தான் இனி நிற்கும்.

செல்லியம்மாவின் புருஷன் கங்கையா, ஒரு சென்டு நிலமில்லாத கூலிக்காரன். ஊர்க்கோடிப் புறம்போக்கில், வேலையில்லாத கோடைகளில் தனியாளாக ஒரு கிணறு வெட்டினான். தண்ணீர் கண்ட வாரமே காய்ச்சலில் போய்விட்டான். "கயிறும் கூடையும் குடுத்தது நான், அதனால கெணறு என்னுது" என்கிறார் பண்ணைக்காரர் வெங்கடரமணன். அவர் பேரில் எழுதிவிட்டால் ஊர்க்கோடிச் சனங்கள் மறுபடியும் குட்டைத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் கங்கையாவின் பேரைக் கிணற்றில் அழிக்க முடியாதபடி பதித்துவிட வேண்டும் என்று செல்லியம்மா வெள்ளாட்டை விற்றுக் கிளம்பி வந்திருந்தாள்.

ஆசாரி மெழுகைத் தட்டிப் பலகை செய்தார். மெழுகிலேயே எழுத்துகளைத் திரித்து ஒட்டினார். பிறகு தராசை எடுத்தவர் தலையைச் சொறிந்தார்.

"பலகைக்குப் போக ஒலோகம் நெறைய மிஞ்சுது. எடுத்துக்கினு போயிடு."

"யார் கையில குடுக்கறது? மாட்டு மணி ஒருத்தர் குடுத்தாங்க, ஒடஞ்ச வெளக்கு ஒருத்தர் குடுத்தாங்க, துன்னுற கிண்ணியக் கூட ஒருத்தி குடுத்தா. எல்லாம் கங்கையாவுக்குன்னு குடுத்தது. ஒரு பொட்டு திரும்பப் போகக் கூடாது."

ஆசாரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாமிக்கு மிஞ்சினால் எதைச் செய்வாரோ அதையே செய்தார். பலகைக்கு மேல் வளைவாக ஒரு திருவாசி வைத்தார், சுற்றிலும் தீக்கொழுந்துகளோடு. பிறகு மேலே மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்தார்.

உலோகம் உருகுவதைச் செல்லியம்மா எட்டிப் பார்த்தாள். உருக்குகிற மூசைக்குள் சூரியனைப் பிடித்துப் போட்டதுபோல் ஒன்று தளதளத்தது. மாட்டு மணி எது, விளக்கு எது, கிண்ணி எது என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. மண் அச்சின் வாயில் அது சத்தமில்லாமல் இறங்கியபோது அவள் தன்னையறியாமல் கை குவித்தாள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இதுல எது அவரு பேரு?"

ஆசாரி அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். அவள் அங்கேயே நெடுநேரம் விரலை வைத்திருந்தாள்.

பலகையை ஒற்றை ஆளால் தூக்க முடியவில்லை. நாகலாபுரம் பக்கம் போகிற அப்பாவுவின் மாட்டுவண்டியைப் பிடித்தார்கள். புது வார்ப்பில் கண் படக்கூடாது என்று தாட்சாயணி மஞ்சள் துணி சுற்றி, மேலே ஒரு முழம் சாமந்தியும் போட்டுவிட்டாள்.

பிச்சாட்டூர்க் கடைத்தெருவில் ஒரு கிழவர் வண்டியை மறித்தார். "ஏ ஊரு தேவுடு இது?"

"சாமி இல்லீங்க" என்றாள் செல்லியம்மா. "எங்க ஊட்டுக்காரரு."

கிழவர் அவளைப் பார்த்தார். மஞ்சள் துணிக்குள் தெரிந்த திருவாசியின் வளைவைப் பார்த்தார். "வண்டி எங்கேருந்து வருது?"

"நாராயணவனம்" என்றான் அப்பாவு.

பெருமாளுக்குத் தாயாரோடு கல்யாணம் நடந்த ஊர் நாராயணவனம். அங்கிருந்து ஒருத்தி சாமியோடு வந்து, அவரைப் புருஷன் என்கிறாள். கிழவர் நடுத்தெருவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தல்லி! அலர்மேல்மங்கைத் தாயாரே இந்தம்மா மேல வந்துகினு பேசறாங்க!"

"ஐயோ, அவரு செத்து..." என்று செல்லியம்மா ஆரம்பிப்பதற்குள் தேங்காய் உடைபட்டது. யாரோ மேளத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து அவள் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். வருஷம் ஒன்றாகப் பொட்டில்லாமல் இருந்த நெற்றி. செல்லியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயார் அழுவுறாங்க!" என்று கூட்டமே சேர்ந்து அழுதது.

"இன்னாம்மே இப்படிப் பண்ணிட்ட?" என்று அப்பாவு காதோரம் சீறினான். "தொறந்து காட்டினோம்னா நம்மள உரிச்சிடுவாங்க. வாயத் தொறக்காத."

அவள் வாயைத் திறக்கவில்லை. தாயார் மௌன விரதம் என்று செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியது. நாகலாபுரத்தில் பூக்கடைக்காரர்கள் பூவை வாரிக் கொட்டினார்கள். மறுநாள் வண்டி ஊருக்குள் நுழைந்தபோது, எல்லையில் செருப்பில்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர் சாட்சாத் வெங்கடரமணன்.

"சாமி எங்க எறங்குது?" என்று அப்பாவுவிடம் பயபக்தியோடு கேட்டார்.

பயத்தில் அப்பாவுவின் வாயில் உண்மைதான் வந்தது. "ஊர்க்கோடிக் கெணத்தாண்டதாங்க."

வெங்கடரமணன் மெய்சிலிர்த்துப் போனார். "பாத்தீங்களாடா! கெணறு என்னுதுன்னு சொன்னப்போ எவனும் நம்பல. பெருமாளே வந்துட்டாரு என் கெணத்துக்கு!"

இத்தனை காலமும் செல்லியம்மா எதிரில் வந்தால் வரப்பை விட்டு இறங்கி நிற்கச் சொன்ன மனிதர், அவள் புருஷன் பேரைத் தன் தோளிலேயே சுமந்தார். மறுபக்கம் சுமக்க கிராம முன்சீப்பைக் கூப்பிட்டார். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் பீடம் கட்டி, தன் வீட்டு மாடிக்கு வைத்திருந்த சிமெண்டைக் கொண்டுவந்து தானே குழைத்துப் பதித்தார். கடப்பாரை போட்டாலும் வராது என்று தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"துணிய இப்ப எடுக்கக் கூடாது. திங்கக்கெழமை சர்வேயர் கையால எடுப்போம். சர்க்காரே சாட்சி!"

ஊர்க்கோடியில் அன்றைக்கு எந்தக் குடிசையிலும் அடுப்பு எரியவில்லை. துணியை எடுத்ததும் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சித்தூரிலிருந்து புதுச் சர்வேயர் வந்தார். கூடவே, பழைய சர்வேயர் காலத்திலிருந்து அளவுச் சங்கிலி இழுக்கும் பழனியும் வந்தான். மேளம் முழங்கியது. வெங்கடரமணன் கற்பூரத்தைக் கொளுத்தினார். சர்வேயர் துணியை எடுத்தார்.

வெயில் பட்டதும் பலகை தீப்பிடித்ததுபோல் பளீரென்றது. கூட்டம் முழுவதும் கை கூப்பியது. சர்வேயர் குனிந்து உரக்கப் படித்தார்.

"கங்கையா வெட்டிய கிணறு."

மேளம் நின்றது. கூப்பிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இதை வெச்சது யாரு?" என்றார் சர்வேயர்.

ஊரே வெங்கடரமணனைப் பார்த்தது. அவர் விரல் நகங்களில் சிமெண்டு இன்னும் போகவில்லை.

"நான்தான்... தோள்ல... எல்லாரும் பாத்தாங்க..." அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சரி, அப்ப கெணறு யார் பேர்ல எழுதணும்?"

செல்லியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெங்கடரமணன் வாயைத் திறந்தார். அதற்குள் சங்கிலியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த பழனி அலுத்துக்கொண்டான்.

"புதுசா எழுத இன்னா சார் இருக்குது? போன மாசம் நாங்க அளக்க வந்தப்பவே, 'கங்கையா கெணத்தாண்டேருந்துதான் என் கழனி ஆரம்பிக்குது'ன்னு இந்த ஐயாவே கை காட்டினாரு; அப்பவே சர்வே படத்துல அப்படியே எழுதியாச்சு."