ஐந்து படிக்கு நாலு ஆள்

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சக்கர நாற்காலியும் நலம். அங்கு நீயும் அண்ணியும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

புது வேலையில் சேருமுன், "சட்டம் கிட்டம்னு பேசி வம்பிலே மாட்டிக்காதே" என்று புத்தி சொன்னாயே, அதை அப்படியே கடைப்பிடித்தேன். அலுவலக வாசலில் ஐந்து படிகள். சாய்தளம் கட்டித் தருவது அவர்கள் கடமை என்று மேனேஜரிடம் ஒரே ஒரு தடவை பணிவாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எதுக்கும்மா? நாங்க நாலு பேர் இருக்கோமே. எப்ப வேணும்னாலும் கூப்பிடு, தூக்கிட்டுப் போறோம்" என்றார். அவரும் காசாளரும் டிரைவரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு மூலை பிடித்து, பீரோவை ஏற்றுவதுபோல் என்னை ஏற்றினார்கள். பணம் கட்ட வரிசையில் நின்ற ஒரு அம்மா உச்சுக்கொட்டினார். எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது அண்ணா. அழலாமான்னு பார்த்தேன். அப்புறம், மேலதிகாரி வார்த்தையைத் தட்டக்கூடாதேன்னு கூப்பிட ஆரம்பிச்சேன்.

பத்தரைக்கு டீ குடிக்கக் கீழே, குடிச்சதும் மேலே, கண்ணாடியை ஆட்டோவிலே விட்டுட்டேனோன்னு கீழே, அது தலையிலேயே இருக்குன்னு மேலே, போன்ல சிக்னல் இல்லேன்னு மறுபடி கீழே. "இன்னும் எத்தனை தடவைம்மா?"ன்னு காசாளர் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டார். "எப்ப வேணும்னாலும்னு சார்தானே சொன்னார்?"னேன். ரெண்டாம் நாள் டிரைவர் லீவு போட்டுட்டார். பாவம், தபால் கொடுக்க வந்தவர் அவர் மூலையைப் பிடிச்சார். மூணாம் நாள் மேனேஜர் இடுப்பிலே பெல்ட். நாலாம் நாள் நான் வாயே திறக்கலே, வாசல்லே கொத்தனார் சிமெண்ட் குழைச்சுக்கிட்டிருக்கார்!

தளம் காய்ஞ்சு நேத்துத்தான் ஏறினேன். யார் கையும் படலே. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலே. அந்த சுகத்தை எப்படி எழுதறதுன்னு தெரியலே போ. உள்ளே போனவ, சும்மாவே ரெண்டு தடவை இறங்கி ஏறினேன்.

ஆகவே சண்டையில்லை, மனுவில்லை, வழக்கில்லை. நீ நிம்மதியாகத் தூங்கு. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தலைமை அலுவலக உத்தரவு வந்திருக்கு. திங்கள்கிழமையிலிருந்து எங்க பிரிவு முழுக்க மூணாவது மாடிக்கு. லிஃப்ட் கிடையாது. சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலே அண்ணா. மேனேஜர்தான் வெலவெலத்துப்போய், பேப்பரும் பேனாவுமா என் மேஜைக்கு வந்து, "மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல எந்தப் பிரிவைப் போட்டு மனு எழுதணும்மா?"ங்கறார். "உட்காருங்க சார், அது கொஞ்சம் நீளமான சட்டம்"னேன்.