பதினாலு தெள்ளுப்பூச்சியும் ஒரு சம்பந்தமும்

சேரப்பணஞ்சேரி,
17-11-1991

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி பரசுராமனுக்கு, உன் அக்காள் புருஷன் தாண்டவராயன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா ராஜம்மா, உன் மருமகள் செந்தாமரை மூவரும் சௌக்கியம். நீயும் உன் குடும்பத்தாரும் ஓசூர்க் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. செந்தாமரைக்கு வரன் முடிந்துவிட்டது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே உள்ளதைப் பாதி படித்ததும் நீ பஸ் ஏறிவிடுவாய்.

நம் பின்கட்டு அறையில் ஆறு மாதமாக ஷெர்லின் என்று ஒரு நாகர்கோவில் பெண் குடியிருக்கிறது. மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்கிறது. என்ன ஆராய்ச்சி என்று வாடகைக்கு விடும்போது கேட்டதற்கு "மிருகங்களைப் பத்தி சார்" என்றது. நானும் பசு மாடு என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, மிருகம் இல்லையாம், மிருகத்தின் மேல் குதிக்கிற தெள்ளுப்பூச்சியாம். ஒரகடம் தொடங்கி வடக்குப்பட்டு வரை எந்த நாய், எந்தப் பூனை கண்ணில் பட்டாலும் பிடித்து மடியில் போட்டுப் பேன்சீப்பால் வாரிவிடும். எந்தத் தெள்ளு எதன் மேல் வாழ்கிறது என்று கண்டுபிடிக்கிறதாம். சிலதை உயிரோடு புட்டியில் அடைத்து, ரத்தம் குடிக்காமல் எத்தனை நாள் தாங்கும் என்றும் பார்க்குமாம். உன் அக்கா அந்தப் பக்கம் போகும்போதே புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் வசந்தகுமார், கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை, தங்கமான பிள்ளை. அப்பா பெயர் அப்பாவு, தோளில் ஜரிகைச் சால்வை. அம்மா லீலா. காலையில் பிடித்த மழையில் பின்கட்டு ஒழுகவே, ஷெர்லின் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, நான் நல்லெண்ணத்தில் அதன் புட்டி, மைக்ராஸ்கோப் சாமான்களைக் கொண்டுவந்து கூடத்து ஸ்டூல் மேல் வைத்துத் துண்டு போட்டு மூடியிருந்தேன். அதுதான் நான் பண்ண தப்பு. அப்பாவு, "எங்க வூட்ல நாய், பூனை வாசப்படி ஏறாதுங்க. அவ்ளோ சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தார். முழங்கை பட்டு ஒரு புட்டி உருண்டு, மூடி கழன்றுபோச்சு. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை நான் பார்த்தேன்: "நாய் – 14".

முதலில் அப்பாவு கெண்டைக்காலைச் சொறிஞ்சார். அப்புறம் முதுகை. பையன் வாயில் கேசரியோட ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ச்சிகினு இருந்தான். "மழைக்காலம், கொசு" என்றேன். "கொசுன்னா பறக்கும், இது குதிக்குதே!" என்றாள் அந்த அம்மா.

அந்நேரம் பார்த்து சொட்டச் சொட்ட நனைந்து ஷெர்லின் வந்தது. காலிப் புட்டியைப் பார்த்ததும், "ஐயோ, ஒருத்தரும் எந்திரிக்காதீங்க!" என்று கத்திச்சு பாரு, அப்பாவு கையைத் தூக்கிட்டார். "இன்னாம்மா இது?" "நாய்த் தெள்ளு சார். கடிச்சா அரிக்கும், வேற ஒண்ணுமில்ல. ஆனா எனக்குப் பதினாலும் வேணும்." வெள்ளைத் துணியை விரிச்சு, சீப்பும் பிரஷுமா ஒவ்வொருத்தரா வாருது. பையன் மறுபேச்சு பேசாம பாயைத் தூக்கிப் பிடிச்சான். நம்ம செந்தாமரை டார்ச் லைட்டோட வந்து, "உங்க காலர்ல ஒண்ணு, அசையாதீங்க" என்றாள். அதுதான் அவங்க ரெண்டு பேரும் பேசின முதல் பேச்சு.

அப்பாவு எழுந்துட்டார். "தெள்ளு வளக்குற வூட்ல பொண்ணு எடுக்குற அளவுக்கு எங்களுக்கு இன்னும் கேடு வரல. கெளம்பு லீலா." உங்க அக்கா சமையல்கட்டில் விசும்புறா. இது மூணாவது வரன்டா பரசுராமா, எனக்கு உசுரே போச்சு. அப்போ மைக்ராஸ்கோப்பில் கண்ணை வச்சிருந்த ஷெர்லின், "சார், பதினேழு இருக்கு" என்றது. "மூணு என்னோடது இல்ல. நாய், பூனைத் தெள்ளுக்குக் கன்னத்துல சீப்பு மாதிரி முள்ளு வரிசை இருக்கும். இதுக்கு இல்ல, பாத்துக்கிடுங்க. எலித் தெள்ளு. மூணும் சாரோட சால்வை மடிப்புல எடுத்தது."

அந்தம்மா புருஷன் பக்கம் திரும்பிச்சு. "நெல்லு ரூம் பொட்டியில எலி பூந்துகினு கீது, சால்வையை அங்க வைக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? சம்பந்தம் பேச வந்த எடத்துல மானத்த வாங்கிட்டியே!" அப்பாவு மெதுவா உட்கார்ந்தார். சால்வையைக் கழட்டினார். "கேசரி இன்னும் கொஞ்சம் இருக்குதாங்க?" என்றார்.

அத்தோட விட்டுதா? எலித் தெள்ளுன்னா பிளேக் வருமோன்னு நான் வாயை விட்டுட்டேன். அந்த மூணையும் மெட்ராஸில் சோதிக்கக் கொடுத்துட்டு வந்தது ஷெர்லின். அஞ்சு நாள் எனக்குச் சோறு இறங்கல. சம்பந்தி தினம் சைக்கிளில் வந்து, "உங்களுக்கு ஜுரம் எதுனா கீதா?" என்பார், நான் அவர் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன். நேத்து சாயங்காலம் ஷெர்லின் வந்து, "ஒண்ணும் இல்ல சார், தைரியமா இருங்க" என்றதும் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சிகினோம். ராத்திரி எட்டு இட்லி சாப்பிட்டேன். அப்பாடா.

ஆகவே தை மாதம் கல்யாணம். தாய்மாமன் நீ இல்லாமல் ஆகாது, இப்போதே பத்து நாள் லீவு எழுதிக் கொடு. ஷெர்லினை இந்த மாதத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டேன். முகம் கோணாமல் சரி என்றது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள், பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உன் மாமா தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தி வந்தார். தையில் கல்யாணம் இல்லை, வைகாசிக்குத் தள்ளிவிட்டார். ஷெர்லின் அவர் வூட்டுக்கே குடிபோகிறதாம். நெல்லு ரூமில் மாசாமாசம் எலி பிடித்துத் தெள்ளு எண்ணணுமாம், அது முடிகிற வரைக்கும் கல்யாணத்துக்குன்னு வெள்ளையடிக்கக் கூடாதாம். ஆராய்ச்சிப் புத்தகத்தில் நன்றின்னு போட்டு அவர் பேரை அச்சடிப்பாங்களாம், மனுஷன் பூரிச்சிப்போய் இனிஷியலோட எழுதிக் கொடுத்துட்டார். ஞாயிற்றுக்கிழமை எண்ணுகிற வேலைக்கு செந்தாமரையும் மாப்பிள்ளையும் துணைக்குப் போறாங்களாம், அதுங்களுக்குத் துளி வருத்தம் இல்ல. லீவு போடாதே. நம்ம வூட்ல ஏன்டி ஒரு எலி கூட இல்லன்னு நான் உங்க அக்காகிட்ட சண்டை போட்டுகினு கீறேன்.