கம்முனு அண்ணன் பிடித்து வைத்த மலை

மதுரை ஜில்லாவில் மனிதர்களை ஒரு நிமிடம் முழுதாக வாயை மூட வைத்த ஒரே ஆள் எங்கள் கம்முனு அண்ணன்தான். என் ஒருத்தன் வாயை மூட வைக்க எட்டு வாத்தியார்கள் முயன்று தோற்றார்கள். பத்தாம் வகுப்போடு அவர்களும் நிம்மதி, நானும் நிம்மதி.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடைக்கு மேல் மாடியறையில் வாடகைக்கு இருந்தவர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். தொழில், ஆவணப்படம் எடுப்பது. வந்த முதல் நாளே கேட்டேன்.

"ஆவணப்படம்னா என்னண்ணே?"

"நெசமா நடக்குறத அப்படியே எடுக்குறது."

"சி.சி.டி.வி. மாதிரியா?"

"அதையாச்சும் நாலு பேரு பாப்பாய்ங்க, மாப்ள."

பேர் எப்படி வந்தது என்றால், எங்கே படம் எடுத்தாலும் முடிந்தவுடன் கிளம்ப மாட்டார். மைக்கை நீட்டி, "எல்லாரும் ஒரு நிமிசம் கம்முனு இருங்க" என்பார். ஆள் பேசாதபோது அந்த இடத்துக்கென்று ஒரு சத்தம் இருக்குமாம். பேட்டியை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டுமாம். ஓர் ஊர்ச் சத்தத்தை இன்னோர் ஊருக்குப் போட்டால் அது பொய் சாட்சி என்பார்.

இதை அவர் மேலூர் பஸ் ஸ்டாண்டில் செய்தார். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நான் கம்முனு இருந்தா பஸ்ஸு எப்புடிண்ணே நெறையும்?" அண்ணன் ஒரு விரலைத் தூக்கினார், அவ்வளவுதான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். விசில் வராததால் டிரைவர் நின்றார். இவ்வளவு பேர் நிற்கிறார்களே, ஏதோ சாவு போல என்று டீக்கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டினார். ஐம்பதாவது நொடியில் ஓர் ஆடு கத்தியது.

"மறுபடி மொதல்ல இருந்து," என்றார் அண்ணன்.

"ஆட்டுக்கிட்ட சொல்லுங்கண்ணே!" என்றார் கண்டக்டர்.

ஆவணப்படத்துக்கு வருமுன் அவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு கல்யாணம்தான். மூன்று மணி நேர வீடியோவைப் போட்டுப் பார்த்த பெண்ணின் அப்பா அலறியிருக்கிறார். "தாலி கட்டுனது எங்கய்யா?"

"அத மண்டபமே பாத்துச்சே. தேங்கா துருவுன அக்காவுக்குக் கை வெட்டுப்பட்டுச்சு, அத யாரு பாத்தா?"

படம் எடுக்காத நாளில் புத்தகம் எழுதுவார். மூன்று புத்தகம் வந்திருக்கிறது. தான் பேட்டி எடுத்தவர்கள் பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்பதைப் பற்றியே ஒரு புத்தகம். எனக்கு ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது என் கடை மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்ததை ஒரு நாள் பார்த்துவிட்டார். குனிந்து மேசையைத் தள்ளிப் பார்த்தார். "ஆடலைல்ல? அப்ப இருக்கட்டும்," என்று மாடிக்குப் போய்விட்டார்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வெள்ளையம்மா அக்காவைப் பற்றி அவர் படம் எடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அடுத்தவர் வயலில் நாற்று நட்டே பாதி ஆயுளைக் கழித்து, மலையடியில் சொந்தமாக ஓர் ஏக்கர் வாங்கிய அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை என் பைக்கில் கூட்டிப் போனேன். மலை உச்சியில் ஒரு சுனை. மைக்கை நீட்டி விரலைத் தூக்கினார் அண்ணன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காற்று, எங்கோ ஒரு மயில், சுனையில் சொட்டும் தண்ணீர்.

அப்போது அண்ணன் வேட்டிக்குள் கட்டெறும்பு ஏறியது. மைக் அசையக் கூடாதே! கை கல்லாக நிற்கிறது, முகம் மட்டும் எட்டுத் திசைக்கும் போகிறது. நாற்பது நொடி பொறுத்தேன். வெடித்துச் சிரித்துவிட்டேன்.

"மலையே கம்முனு இருக்கு, ஒனக்கென்னடா?" என்று திட்டிவிட்டு, இரண்டாவது முறை சுத்தமாக எடுத்தார்.

அடுத்த வருடம் மலைக்குக் குவாரி வந்தது. கல்லை அறுத்து அறுத்து, மலை இருந்த இடம் பள்ளமானது. போன மாசியில் படம் முடிகிற நேரம் அக்கா போன் செய்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"படத்த எங்கூர்லதான் மொதல்ல போடணும். அந்தச் சுனைச் சத்தம் இருக்கும்ல? எனக்கு அது போதும்ப்பா."

"இருக்கும்க்கா. நான் பொறுப்பு," என்றார் அண்ணன்.

முந்தின வாரம்தான் அவர் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று என்னிடம் கொடுத்திருந்தார். "தேவையில்லாதத மட்டும் எடுத்துரு, மாப்ள." நானும் பெரிய மெக்கானிக் போலத் திறந்து பார்த்தேன். சில ஃபைல்களில் பேச்சே இல்லை, சத்தம் வந்தால் எகிறும் கோடு படுத்துக்கிடந்தது. காலி என்று நினைத்து அத்தனையையும் அழித்தேன். அந்த இடத்தில் வேறு ஃபைல்களை ஏற்றியும் விட்டேன். இனி மீட்க வழியில்லை. ஒரு மனுசன் பத்து வருடமாக ஊர் ஊராகப் பிடித்து வந்த ஒரு நிமிடச் சத்தங்கள், அக்காவின் சுனை உட்பட, அவைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. கம்மென்று இருந்தார். ஒரு நிமிடம் தாண்டியது. ஊரையே கம்மென்று இருக்கச் சொன்ன ஆள் தானே அப்படி இருந்ததைப் பார்த்தது அன்றுதான். அடித்திருந்தால் தேவலை.

கடைசியாகக் கேட்டார். "நீ சிரிச்சியே, அது?"

ஓடிப்போய்த் தேடினேன். இருந்தது! சிரிப்பில் கோடு எகிறியிருந்ததால் காலி ஃபைல் இல்லை என்று விட்டுவைத்திருக்கிறேன்.

"சிரிப்ப மட்டும் வெட்டிருவோம்ணே."

"வெட்டுனா சுனையும்ல வெட்டுப்படும்," என்றார்.

ஊர் சமுதாயக் கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் சேலை கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கிப் படம் போட்டார்கள். கடைசிக் காட்சியில் திரையில் குவாரிப் பள்ளம். ஆனால் கேட்டதோ பழைய மலை. காற்று, மயில், சுனை. நாற்பதாவது நொடி நெருங்க நெருங்க நான் நாற்காலிக்கு அடியில் போகப் பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்கு மேல், பன்றி உறுமுவது போல் என் சிரிப்பு.

விளக்கைப் போட்டதும் வெள்ளையம்மா அக்கா நேரே என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏலேய், அந்தக் கெக்கெக்கே நீதானடா?"

"மன்னிச்சுருக்கா. நான்தான் எல்லாத்தையும்..."

"எதுக்குடா மன்னிப்பு? எங்க மலையில கடேசியாச் சிரிச்சவன் நீதான். அதுவும் இல்லாட்டி எழவு வீடு மாதிரில இருந்துருக்கும்."

அண்ணன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது அவர் புதுப்படத்துக்காகத் தருமபுரிப் பக்கம் போய் நாலு மாதமாகிறது. மாடியறை பூட்டியே கிடக்கிறது. போன வாரம் சாவியைப் போட்டு உள்ளே போய், அந்த அறையின் ஒரு நிமிடத்தை என் போனில் பிடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "ஃபேன் சத்தம் கேக்குது. ஆஃப் பண்ணிட்டு மறுபடி எடு."

மறுபடி எடுத்தேன். சிரிக்கவில்லை. அதில் ஒன்றுமே இல்லை, கோடு படுத்துத்தான் கிடக்கிறது. அண்ணன் திரும்பி வந்ததும் அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். அதுவரைக்கும் அது பத்திரமாக இருக்கட்டும்.