அரக்கு வைத்த பாட்டில்

ஃப்ரிட்ஜைத் திறந்த டெய்லர் அதை மூட மறந்தார். மூன்று நாளாகப் பொத்திப் பொத்திக் காத்துவந்த பாட்டில், மேலே வைத்த அரக்கும் இல்லாமல், ஒட்டிய சீட்டும் இல்லாமல், முக்கால்வாசி காலியாக நின்றது.

"இதை யார் தொட்டது?"

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் காதைக் குடைந்துகொண்டே பதில் சொன்னார். "மாத்திரை போட்டேன் மாப்பிள்ளை. ஜில்லுனு இருந்துச்சு. மூடியில ஏதோ சிவப்பா ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. உங்க கத்தரியால உடைச்சுட்டேன்."

துணி வெட்டும் கத்தரியை வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டில் முதல் சட்டம். ஆனால் டெய்லருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வருவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அதுல ஆபீசர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டியிருந்துச்சே மாமா, அது எங்கே?"

மாமனார் காதிலிருந்து விரலை எடுத்தார். விரலில் இருந்தது சுருட்டிய சீட்டு. ஆபீசர் பெயரில் பாதி காதுக்குள் போயிருந்தது.

தெருவின் கடைசி வீடு டெய்லருடையது. முன்னறையில் கடை, பின்னால் குடித்தனம், அதற்கும் பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டினால் சரிவு, சரிவு முடிந்தால் ஆறு. அந்த ஆற்றங்கரையில் சாயத் தொழிற்சாலை கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து நின்றது. கழிவுநீர்க் குழாய் டெய்லரின் கிணற்றிலிருந்து நாற்பது அடியில் வருவதாக வரைபடத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிணறு போனால் வீடு போச்சு. வீடு போனால் கடையும் போச்சு.

"இது ஏற்கெனவே செத்த ஆறு, நாங்க வந்து கெடுக்க ஒண்ணுமில்லை" என்றது கம்பெனி. "நாங்க குடிக்கிற தண்ணி" என்றது தெரு. எது உண்மை என்று பார்க்க ஓர் ஆபீசர் வந்து, இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அரக்கு வைத்தார். ஒன்று அவரிடம், இன்னொன்று தெருக்காரர்களிடம். இன்று மூன்று மணிக் கூட்டத்தில் இரண்டையும் எல்லார் கண்முன்னாலும், தண்ணீரின் தரத்தை எண்ணாகக் காட்டும் மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போய், தண்ணீரும் நன்றாக இருந்தால் தொழிற்சாலை கிடையாது. ஒத்துப்போகாவிட்டால் தெருக்காரர்கள் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பாட்டிலை வைத்துக்கொள்ள யாருமே முன்வரவில்லை. தன் ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றார் சங்கத் தலைவர். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. உண்மையில் எல்லாருக்கும் கம்பெனி ஆட்கள்மேல் பயம். வாயைத் திறக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தவர் டெய்லர் ஒருவர்தான். அதனால் பாட்டில் அவர் கைக்கு வந்தது.

தண்ணீர் பிடித்த அன்று, "யாரும் கூட வரக்கூடாது, ரூல்ஸ்" என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப் டிரைவரோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். டெய்லர் வாசலில் காவல் நின்றார். பத்தே நிமிஷத்தில் திரும்பிய ஆபீசரின் ஷூ, போனமாதிரியே பளபளவென்று இருந்தது. "எவ்வளவு சுத்தமான மனுஷர் பாருங்க" என்று டெய்லரின் மனைவிகூட மெச்சினாள்.

இப்போது அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"உங்கப்பா ஆத்தைக் குடிச்சுட்டாரு."

"ஐயோ, அது ஆத்துத் தண்ணியா?" மாமனார் வயிற்றைத் தடவினார். "நம்ம வீட்டுத் தண்ணி மாதிரியேதான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகாதே மாப்பிள்ளை?"

"ஆகாது மாமா. ஆகக்கூடாது. உங்களுக்கு வயிறு வலிச்சா நம்ம எல்லார் கதையும் முடிஞ்சுது."

கணவனுக்குத் தன் அப்பாமேல் இத்தனை பாசமா என்று மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் திருத்த நேரமில்லை. மணி பன்னிரண்டு.

பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு டெய்லர் சரிவில் இறங்கினார். குனிந்து பாட்டிலை முக்கியபோது பாலத்தின்மேல் கம்பெனி ஜீப் வந்து நின்றது. குளிக்க வந்தவர்போல் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கால் முன்னால் வைத்தார். மீதியைப் பாசி பார்த்துக்கொண்டது. இடுப்பளவுத் தண்ணீரில் சட்டை, பேண்ட், இஞ்ச் டேப் சகிதமாக உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரின் கால் விரலை ஏதோ கடித்தது. மீன். ஒன்றல்ல, நாலைந்து. செத்த ஆறாம். டெய்லருக்கு அழுகை வந்தது. சின்ன வயதிலிருந்து இதே இடத்தில் இதே கடியை வாங்கிக்கொண்டிருக்கிறார். இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம்தான். சொல்ல வாய் வருமா?

ஜீப் போனபின் நிரப்பிக்கொண்டு வந்து பார்த்தால், அவர் விழுந்த விழுகையில் தண்ணீர் சேறாகியிருந்தது.

"வடிகட்டுங்க" என்றாள் மனைவி.

டெய்லர் கைக்கு அகப்பட்ட புது லைனிங் துணியை நாலாக மடித்து, அதன்வழியே ஊற்றினார். சேறு மேலே நின்றது. கீழே இறங்கிய தண்ணீர் நல்ல நீல நிறத்தில் இருந்தது.

மூவரும் பாட்டிலையே பார்த்தார்கள்.

"தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடியே சாயம் வந்துடுச்சே" என்றார் மாமனார்.

மணி ஒன்றரை. மறுபடி ஆற்றுக்குப் போகலாம் என்றால், பாலத்தடியில் இப்போது நாலு பேர் நின்று அளந்துகொண்டிருந்தார்கள். டெய்லர் பாட்டிலை ஏழு தடவை கழுவிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

"கிணத்துக்கு ஊத்து ஆத்துலேருந்துதானே வருது?"

"அப்படித்தான் நானும் நெனைச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி. "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா?"

"இருந்தா ஜெயில்."

நிரப்பியாயிற்று. அடுத்தது அரக்கு. உடைந்த துண்டுகளைக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டி உருக்கி மூடியில் ஊற்றினார்கள். மேலே ஆபீசரின் முத்திரை வேண்டுமே. டெய்லர் பித்தான் டப்பாவைக் கவிழ்த்து, அளவு பார்த்து, பெரிய கோட்டுப் பித்தான் ஒன்றை எடுத்து அழுத்தினார். வட்டம் கச்சிதமாக விழுந்தது. நடுவில் நாலு ஓட்டையும் சேர்ந்து விழுந்தது.

"கையெழுத்து?" டெய்லர் பேனாவை எடுத்து, உடனே கீழே வைத்தார். "என்னால ஆகாது. என் கையெழுத்தே எனக்கு ஒழுங்கா வராது."

"கொடுங்க." மனைவி காதுச்சீட்டை விரித்துவைத்துப் பார்த்து, புதுச் சீட்டு ஒன்றில் ஒரே இழுப்பில் போட்டுமுடித்தாள்.

"எப்படிடி?"

"பிள்ளைங்க ரேங்க் கார்டுல இத்தனை வருஷமா உங்க கையெழுத்தை யாரு போட்டதுனு நினைக்கிறீங்க?"

டெய்லர் மனதுக்குள் குற்றங்களை எண்ணினார். அரசாங்க முத்திரை ஒன்று, கையெழுத்து இரண்டு, தண்ணீர் மூன்று. அதற்குமேல் எண்ணப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் தெருவே திரண்டிருந்தது. மாமனாரும் வருவேன் என்று அடம்பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவை அவர் ஏப்பம் விட்டபோதும் டெய்லருக்கு உயிர் போய் வந்தது.

ஆபீசர் முதலில் தன் பாட்டிலின் அரக்கை உடைத்து, தண்ணீரை மெஷினில் வைத்தார். நூற்று எண்பத்துநாலு. "நல்ல தண்ணிதான்" என்றார். கம்பெனி மேனேஜர் முகம் சுருங்கியது.

"அந்த இன்னொண்ணையும் பாருங்க சார். ஊர்க்காரங்க கையில மூணு நாள் இருந்த பாட்டில். சீலை நல்லாப் பாருங்க."

ஆபீசர் டெய்லரின் பாட்டிலைக் கையில் எடுத்தார். முத்திரையைப் பார்த்தார். நாலு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து டெய்லரைப் பார்த்தார்.

டெய்லர் எழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டார். அப்போதுதான் ஆபீசரின் கையில் பாட்டில் லேசாக ஆடுவது தெரிந்தது.

"என் கையெழுத்துதான்" என்றார் ஆபீசர். "என் சீல்தான். சந்தேகம் வேண்டாம்." சொல்லிக்கொண்டே அவசர அவசரமாக அரக்கை உடைத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு புள்ளி கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில் அவர் வீடு, கடை, மீன் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தன.

"நூற்று எண்பத்துநாலு."

கைதட்டல் ஓயவே இல்லை. குடிக்கத் தகுந்த ஆற்றின் கரையில் சாயத் தொழிற்சாலைக்கு அனுமதியில்லை என்று ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கத் தலைவர் ஓடிவந்து டெய்லரைக் கட்டிக்கொண்டார். "உங்களை மாதிரி தைரியசாலி நம்ம தெருவுல கிடையாது" என்றார். டெய்லரின் முதுகு இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் போனபின் அவர் வெளியே வந்தார். ஆபீசரின் ஜீப்பில் சாய்ந்து டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். டெய்லருக்கு நெஞ்சு தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

"தம்பி, உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் பாட்டில்ல இருந்தது ஆத்துத் தண்ணி இல்லப்பா. எங்க மாமனார் அதைக் குடிச்சுட்டாரு. பயத்துல நான் எங்க கிணத்துத் தண்ணியைப் பிடிச்சு வெச்சேன். எண்ணு எப்படி ஒத்துப்போச்சுன்னுதான் புரியலை. உங்க சாருக்குத் தெரிஞ்சா என்னை உள்ள வெச்சுடுவாரா?"

டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"மூச்சு விடாதீங்கண்ணே. எங்க சாருக்குத் தண்ணில இறங்கணும்னா உயிர்ப் பயம். அன்னைக்கு ரெண்டு பாட்டிலையும் உங்க கிணத்துலதான் பிடிச்சோம்."